வாசகர் கேள்வி – பதில்: ஏவாள் தலையில் விழுந்த பழி

தவக்கால முதல் ஞாயிறில் ஏதேன் தோட்டத்து வாசகம் வந்தாலே எங்கள் தபால் பை கனக்கும். இம்முறை மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகள் மட்டும். கத்தோலிக்கர் 'தொடக்கநூல்' என்றும் மற்றச் சபையார் 'ஆதியாகமம்' என்றும் வாசிப்பது ஒரே நூல்தான். அதிகாரமும் வசன எண்ணும் மாறாது.

"பொம்பிளையாலதான் உலகத்துக்குப் பாவம் வந்தது, ஆதாம் ஒண்டும் அறியாத மனிசன்" என்று எங்கள் செபக்கூட்டத்தில் ஓர் ஐயா அடித்துச் சொன்னார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. வேதத்தில் அப்படியா இருக்கிறது? (வாசகி, கல்லடி)

இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வேதாகமத்தைக் கையோடு கொண்டுபோங்கள், தொடக்கநூலின் 2ஆம் 3ஆம் அதிகாரங்களை வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு 3:6இல் தொடங்குவதால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

விலக்கப்பட்ட மரத்தைப் பற்றிய கட்டளை 2:16–17இல் வருகிறது. அது சொல்லப்பட்டது ஆதாமுக்கு. பெண் படைக்கப்படுவது 2:22இல். கட்டளையை நேரே கேட்டவர் ஆதாம் மட்டுமே. பாம்பு கேட்கும்போது அவள் சொல்லும் பதிலில் "தொடவும் கூடாது" என்ற ஒரு சேர்க்கை இருக்கிறது (3:3). கடவுள் அப்படிச் சொன்னதாக 2ஆம் அதிகாரத்தில் இல்லை. அவளிடம் கட்டளையைச் சொன்னவர் சேர்த்தாரா, அவளே சேர்த்தாளா என்று நூல் சொல்லவில்லை. யூத ரபிமார் இதை நுணுக்கமாகப் பார்த்தார்கள். பாம்பு அவளை மரத்தோடு சாய்த்து, "பார், தொட்டும் சாகவில்லையே, தின்றாலும் சாகமாட்டாய்" என்று மடக்கியதாக அவர்களுடைய பழைய விளக்கம் ஒன்று உண்டு. கட்டளைக்கு மேல் கட்டளை போட்டால் எது கடவுளுடையது, எது மனிதனுடையது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர்கள் கண்ட பொருள்.

அடுத்து, பாம்பு பேசுவதெல்லாம் "நீங்கள்" என்றே. ஒருத்தியிடம் பேசும் பேச்சல்ல. திருவிவிலியத்தில் 3:6 "தன்னுடனிருந்த" கணவனுக்குக் கொடுத்ததாகச் சொல்கிறது. எபிரேய மூலமும் அப்படியே. பழைய மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் விடுபட்டதால், ஆதாம் எங்கோ வேலையாய் நின்றதாகவும் அவள் பழத்தைச் சுமந்துபோய்க் கொடுத்ததாகவும் பலர் மனதில் படம் விழுந்துவிட்டது. கண்கள் திறக்கப்படுவதும் இருவரும் உண்ட பிறகுதான் (3:7).

விசாரணையைப் பாருங்கள். கடவுள் முதலில் கூப்பிடுவது ஆதாமை (3:9). "நீர் தந்த பெண்தான்" என்று அவர் ஒரே மூச்சில் மனைவி மீதும் கடவுள் மீதும் பழி போடுகிறார் (3:12). அவள் பாம்பைக் காட்டுகிறாள். பாம்பிடம் கேள்வியே இல்லை, தீர்ப்பு மட்டும். 'சபிக்கப்பட்ட' என்ற சொல் இரண்டு இடத்தில்தான் விழுகிறது: பாம்பின் மீது 3:14இல், நிலத்தின் மீது 3:17இல். ஆணோ பெண்ணோ சபிக்கப்பட்டதாக அங்கே ஒரு வரி கிடையாது.

ஐயாவின் கட்சிக்கும் வசனம் உண்டு, மறைக்கக் கூடாது. சீராக்கின் ஞானம் 25:24 பாவத்தின் தொடக்கத்தைப் பெண்ணிடம் வைக்கிறது. 1 தீமோத்தேயு 2:14 ஏமாற்றப்பட்டது ஆதாமல்ல, பெண்ணே என்கிறது. கார்த்தேஜின் ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இன்னும் ஒருபடி போய்ப் பெண்களைப் 'பிசாசின் வாசல்' என்று எழுதிவைத்தார். ஆனால் ரோமர் 5:12–19இலும் 1 கொரிந்தியர் 15:22இலும் பவுல் பாவத்தையும் மரணத்தையும் பற்றிப் பேசும்போது ஆதாமின் பெயரைத்தான் எடுக்கிறார். ஏவாளின் பெயரே அங்கே இல்லை. ஒரு வசனத்தைத் தூக்கிப் பிடிப்பவர் மற்றதையும் தூக்க வேண்டும்.

ஒளிவிழாவுக்கு ஏதேன் தோட்ட நாடகம் போடுகிறோம். பிள்ளைகள் 8–12 வயது. எதைக் கவனிக்க வேண்டும்? (ஞாயிறு பாடசாலை ஆசிரியை, கல்லாறு)

12 முதல் 15 நிமிடத்துக்குள் முடியுங்கள். அதற்கு மேல் போனால் முன்வரிசைச் சின்னதுகள் மேடைக்கு ஏறிவிடும். காட்சிகள் ஐந்து போதும்: கட்டளை, பெண் படைக்கப்படுதல், பாம்பின் பேச்சு, ஒளிதலும் விசாரணையும், தோலுடையும் வெளியேற்றமும். கட்டளைக் காட்சியை நேரமில்லை என்று வெட்டாதீர்கள். அது போனால் மேலே கல்லடி வாசகி கேட்ட கேள்விதான் மிஞ்சும். பாம்பு பேசும்போது ஆதாம் மேடைக்குள், ஏவாளுக்கு மூன்று எட்டுத் தள்ளி, பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கட்டும். பல நாடகங்களில் அந்தப் பிள்ளையைத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிடுகிறார்கள்.

பாம்பை முதலிலேயே தரையில் ஊரவிடாதீர்கள். வயிற்றால் ஊர்வது 3:14இன் தீர்ப்பு. அதுவரை நிமிர்ந்து நடந்து வரட்டும். தோளிலிருந்து மூன்று மீற்றர் நீளப் பச்சைத் துணி தொங்கினால் போதும். தீர்ப்பு விழுந்ததும் பிள்ளை படுத்து, துணியோடு ஊர்ந்து வெளியேறும். சபையார் அங்கேதான் கை தட்டுவார்கள். முகமூடி போட்டால் குரல் அடைபடும். நெற்றியில் பட்டி கட்டினால் போதும்.

பழத்துக்கு அப்பிள் வாங்கி வைக்க வேண்டாம். நூல் மரத்தின் பெயரைச் சொல்லவில்லை. அப்பிள் ஐரோப்பிய ஓவியர்கள் பழக்கிவிட்டது. பழைய யூத ஆசிரியர்கள் திராட்சை, அத்தி, கோதுமை என்றெல்லாம் சொன்னார்கள். கொய்யாவோ மாம்பழமோ வைத்தால் அடுத்த நாள் அதைத் தின்னும் பிள்ளைக்குப் பாவி என்று பட்டம் வரும். தங்கநிறத் துணி உருண்டை நல்லது.

இலைக்கச்சைக்கு அத்தியிலை கிடைக்காவிட்டால் பூவரசிலை எடுங்கள். இரண்டங்குல அகலத் துணிப்பட்டியில் காம்பு மேலே வர, ஒன்றின் மேல் ஒன்று பாதி மூடும்படி ஈர்க்கால் குத்துங்கள். ஆளுக்கு 25–30 இலை பிடிக்கும். விடியற்புறம் தைத்தால் பின்னேரத்துக்குள் சுருண்டுவிடும். பிற்பகலில் பறித்து, தைத்த கையோடு ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். உள்ளே தோல்நிற பெனியனும் அரைக்காற்சட்டையும் கட்டாயம். ஈர்க்கு நுனி வயிற்றில் குத்தும்.

கடவுளின் குரலுக்கு ஆள் மேடையில் வேண்டாம், திரைக்குப் பின்னால் மைக். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்பக்கமாக, சபையைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் வைத்தால் கூவும். கடைசிக் காட்சியில் ஒரு தேவதூதர் வாளோடு நிற்பது வழக்கமான தவறு. 3:24இல் கேருபீன்கள் பன்மை, சுடர்விடும் வாள் தனியாகச் சுழல்கிறது. இரண்டு பிள்ளைகளை இருபுறமும் நிறுத்தி, நடுவில் சிவப்பு செலோபன் தாள் ஒட்டிய டோர்ச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து சுழற்றுங்கள்.

இதையே கூத்தாகப் போடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். வட்டக்களரியில் (கூத்தாடும் வட்ட அரங்கில்) ஏவாளுக்கும் பாம்புக்கும் வரவு ஆட்டம் வைத்தால் அருமையாக இருக்கும். ஆனால் சட்டம் கொடுத்து (நடிப்பவருக்குப் பாட்டுப் பங்கைப் பிரித்துக் கொடுத்து), கிழமைக்கூத்துப் பழகி, சதங்கை கட்டி, அரங்கேற்றம் வரை போக மாதக்கணக்கு ஆகும். இந்த ஒளிவிழாவுக்கு எட்டாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அடுத்த வருடத்துக்கு இப்போதே பிடியுங்கள்.

ஒரு கர்ப்பிணித் தாயின் மாமியார், "பிரசவ வலி கடவுள் போட்ட சாபம், வலி குறைக்கிற ஊசி போட்டால் பாவம்" என்று தடுக்கிறார். என்ன சொல்லலாம்? (குடும்பநல உத்தியோகத்தர், திருக்கோவில்)

ஊசி பாவமில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். 3:16 நடக்கப்போவதைச் சொல்கிறது. 'வலியைத் தாங்கியே தீர வேண்டும்' என்று கட்டளை போடவில்லை. அதைக் கட்டளையாக எடுத்தால் அடுத்த வசனங்களையும் அப்படியே எடுக்க வேண்டும். நிலம் முள்ளும் களையும் முளைப்பிக்கும், நெற்றி வியர்வையோடுதான் சாப்பாடு என்று ஆணுக்குச் சொல்லப்பட்டது. வட்டையில் களைநாசினி அடிப்பதையும், வெட்டு மிசினை இறக்குவதையும் எந்த மாமியாராவது பாவம் என்று மறித்தாரா? மாமனாரின் வியர்வைக்கு மிசின், மருமகளின் வலிக்கு மட்டும் வேத வசனமா!

சண்டை புதிதல்ல. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற வைத்தியர் பிரசவத்துக்குக் குளோரோபோம் கொடுத்தபோது இதே வசனத்தைக் காட்டி எதிர்த்தார்கள். அவர் 2:21ஐக் காட்டினார்: விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே ஆதாமுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினாரே! 1853இல் விக்டோரியா மகாராணி தன் பிள்ளைப்பேற்றுக்கே குளோரோபோம் எடுத்த பிறகு வாய்கள் அடங்கத் தொடங்கின. கத்தோலிக்கருக்கு இன்னும் தெளிவான பதில் உண்டு. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1956 ஜனவரியில் ஆற்றிய உரையில், வலியில்லாப் பிரசவ முறையில் ஒழுக்கக் குற்றம் ஏதுமில்லை என்றார். மாமியார் எந்தச் சபை என்று பார்த்து இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

எந்த மருந்து, எப்போது என்பது பிரசவ விடுதி வைத்தியரின் வேலை. வலி குறைக்கும் பெத்திடின் ஊசியைப் பிள்ளை பிறக்கும் தறுவாயில் போட்டால் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம் என்பதால் நேரம் பார்த்துப் போடுவார்கள், சில வேளை மறுக்கவும் செய்வார்கள். அந்த மறுப்பைச் 'சாபத்துக்குப் பயந்து' என்று வீட்டில் திரித்துவிடாமல் முன்கூட்டியே விளக்கிவையுங்கள். விடுதியில் அனுமதி இருந்தால் தாயோ அக்காவோ தொடர்ந்து பக்கத்தில் இருக்கட்டும். அதுவே வலிமருந்தின் தேவையைக் குறைக்கும். அந்த மாமியாரையே நிறுத்தினாலும் நல்லதுதான், வசனம் சொல்லாமல் முதுகு தடவுவாரென்றால்.

இன்னொன்று. "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்பதும் அதே 3:16இல்தான் இருக்கிறது. வீழ்ச்சியால் வந்த கேடுகளின் வரிசையில் நிற்கும் வரி அது. மனைவியை அடிப்பதற்கு அதை அனுமதிச் சீட்டாக நீட்டுபவரிடமும் களைநாசினிக் கதையையே சொல்லலாம்.

பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது? ஞானஸ்நானம் எதற்கு? (வாசகர், தன்னாமுனை)

குழந்தை எதுவும் செய்யவில்லை என்றே திருச்சபையும் சொல்கிறது. பிறப்புநிலைப் பாவம் என்பது செய்த செயலல்ல, பிறந்த நிலை. அதை விரித்து எழுதியவர் அகுஸ்தினார். கத்தோலிக்கப் போதனையாக வரையறுத்தது 1546இல் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம். கிழக்கத்திய ஓர்த்தடொக்ஸ் சபையார் ஆதாமிடமிருந்து மரணமும் பலவீனமும் வந்தன, குற்றம் வரவில்லை என்பார்கள். ஆனாலும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசித்து அறிக்கையிடும் வயது வரட்டும் என்று காத்திருக்கும்.

எங்கள் சைவத்தில் இப்படி ஒரு 'முதல் பாவம்' உண்டா? (வாசகர், காரைதீவு)

முதல் என்று ஒரு நாள் கிடையாது. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் அநாதி. செம்பில் களிம்புபோல உயிரோடு தொடக்கமின்றியே ஒட்டியிருப்பது. ஏதேன் கதையில் மனிதர் நல்ல நிலையில் தொடங்கிப் பின்னர் விழுகிறார்கள். சித்தாந்தத்தில் உயிர் இருளில் கிடந்து, அருளால் படிப்படியாக விடுபடுகிறது. எனவே குற்றம் சாட்ட ஒரு முதல் பெண்ணும் அங்கே தேவைப்படவில்லை.

குர்ஆனில் ஹவ்வா (அலை) அவர்கள்தான் முதலில் உண்டார்கள் என்று இருக்கிறதா? பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். (ஆசிரியர், சம்மாந்துறை)

இல்லை. அவர்களுடைய பெயரே குர்ஆனில் வருவதில்லை. 'உம் துணைவி' என்றே வருகிறது, பெயர் ஹதீஸ்களில் உண்டு. 2:36இலும் 7:20–22இலும் ஷைத்தான் இருவரையுமே சறுக்க வைக்கிறான். 20:120 ஒருபடி மேலே போய், அவன் ஆதம் (அலை) அவர்களிடமே ஊசலாட்டம் போட்டதாகச் சொல்கிறது. "எங்களுக்கு நாங்களே அநீதி இழைத்துக்கொண்டோம்" என்ற பாவமன்னிப்பு இருவரும் சேர்ந்து கேட்டது (7:23). தௌபா ஏற்கப்பட்டது (2:37). ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை (6:164) என்பதால் பிள்ளைகளுக்குப் பரம்பரைப் பாவமும் இல்லை. பாம்பும், 'அவர் முதலில் உண்டு கொடுத்தார்' என்ற கதையும் இஸ்ராயீலிய்யாத் (யூத, கிறிஸ்தவ வழிக் கதைகள்) வழியாகத் தஃப்ஸீர்களுக்குள் (குர்ஆன் விளக்கவுரைகளுக்குள்) வந்து, அங்கிருந்து மக்கள் பேச்சுக்குள் இறங்கியவை.

ஏவாள் எத்தனை வயதில் இறந்தார்? காயீனின் மனைவி யார்? (மாணவி, கல்முனை)

ஆதாமுக்கு 930 வயது என்று தொடக்கநூல் 5:5 சொல்கிறது, ஏவாளின் வயதைச் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டின் எபிரேய நூல்களில் இறந்த வயது சொல்லப்பட்ட ஒரே பெண் சாராள், 127 (23:1). காயீனின் மனைவிக்குப் பெயரில்லை. ஆதாமுக்குக் குமாரரும் குமாரத்திகளும் பிறந்தார்கள் என்ற 5:4ஐக் கொண்டு, சகோதரியாகவே இருக்க வேண்டும் என்று பழைய உரைகாரர் விளக்கினார்கள்.

வினாவிடைப் போட்டிக்குக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, இதையும் எழுதிவையுங்கள். ஏவாள் என்ற பெயரை ஆதாம் இடுவதே வீழ்ச்சிக்குப் பிறகு, 3:20இல். அதுவரை அவள் 'பெண்' மட்டுமே. எபிரேய நூல்களில் அந்தப் பெயர் இன்னும் ஓரிடத்தில்தான் உண்டு, 4:1. புதிய ஏற்பாட்டில் 2 கொரிந்தியர் 11:3, 1 தீமோத்தேயு 2:13. கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து 8:6உம் சேரும். 4:25இல் மூன்றாவது மகனுக்குச் சேத் என்று பெயர் வைப்பவளும் அவளே, ஆனால் அந்த வசனத்தில் 'மனைவி' என்று மட்டும் இருப்பதால் கணக்கில் எடுக்காதீர்கள்.