காலேஜ் விடுதியில் இருந்துகொண்டு செபமாலை, ஒருசந்தி, ஞாயிறு பூசை எல்லாம் விடாமல் கடைப்பிடிக்க முடியுமா?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருக்கும் விவரம் இது: கடற்கரை ஊரில் தினமும் பூசை கண்டு வளர்ந்தவர். ஜூனில் ராமநாதபுரத்தில் விடுதியில் சேரப் போகிறீர்கள். அறையில் இருக்கும் பிள்ளைகள் முன்னால் முழங்கால் போடக் கூச்சமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, இணையத்தில் தங்களைப் பாரம்பரியக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் நாமெல்லாம் பாதிக் கிறிஸ்தவர்தானோ என்று தோன்றுகிறது.

முடியும். "விடாமல்" என்ற சொல்லுக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது, ஏனென்றால் நான் விட்டிருக்கிறேன். எனக்குத் தங்கச்சிமடம். பி.காம். மூன்றாம் வருஷம். முதல் வருஷம் விடுதி, அப்புறம் விடுதிக் கட்டணம் கட்டுப்படியாகாமல் தினமும் பஸ்.

ஊரில் இருந்தவரை நான் பக்தியானவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விடுதிக்கு வந்த மூன்றாம் நாள்தான் விஷயம் புரிந்தது. ஊரில் விடியக்காலையில் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். திரிகால செபத்துக்கு மணி அடிக்கும். ராத்திரி ஏழரைக்கு அம்மாச்சி டிவியை அணைத்துவிட்டுச் செபமாலையை எடுத்துவிடும். நான் உட்கார்ந்து "அர்ச்சியசிஷ்ட மரியாயே" மட்டும் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். விடுதியில் எட்டரைக்குச் சாப்பாட்டு மணி ஒன்றுதான். முதல் வாரம் ஒரு நாள்கூடச் செபமாலை சொல்லவில்லை. யாரும் தடுக்கவில்லை, கேலி பண்ணவும் இல்லை. மறந்தே போய்விட்டது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் கேலியைப் பற்றித்தான் பயம் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் அது குறைவு. வகுப்பில் பாதிப் பேர் நெற்றியில் விபூதி, குங்குமம் வைத்து வருவார்கள், கீழக்கரை, பெரியபட்டினம் பிள்ளைகள் முக்காடு போட்டு வருவார்கள். சாமி கும்பிடுகிறவளை வினோதமாகப் பார்க்க அங்கே ஆளே இல்லை. ஆனால் அதிலேயே ஒரு வம்பும் உண்டு.

2024-ல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14-ஆம் தேதி வந்தது. ஆமாம், அதே 14 தான். காலையில் வார்டனிடம் கெஞ்சி டவுன் கோயிலில் பூசை கண்டு, நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வந்தேன். மேசை மேசையாக ரோஜாவும் சாக்லேட்டும். பின்வரிசைப் பையன் ஒருத்தன் சத்தமாகக் கேட்டான்: "என்னடி, ராமேஸ்வரம் போயிட்டு வந்தியா? விபூதி கருப்பா இருக்கு, மட்டமான கம்பெனியா?" வகுப்பே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை அது. எங்கள் அம்மாச்சிகூட அந்த நாளை இன்றைக்கும் விபூதிப் புதன் என்றுதான் சொல்லும். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கழிவறைக்குப் போய் துப்பட்டா நுனியை நனைத்துத் துடைத்துவிட்டேன். வெள்ளைத் துப்பட்டா. கரும்பச்சையாக ஒரு கறை பிடித்தது, இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை. அன்றைக்கு முழுக்க அந்த நுனியை உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே இருந்தேன்.

பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அன்னிக்கு என்ன சுவிசேஷம் வாசிச்சாங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. "நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவுன்னு மத்தேயு 6-ல இருக்கு. அதான் அன்னிக்கு வாசகம். நீ வசனப்படி கழுவினியா, பயந்து கழுவினியா?" "பயந்துதான் ஃபாதர்." "சரி, சாப்பிட்டியா அன்னிக்கு?" "ஒரு வேளைதான் ஃபாதர்." "அப்ப பாதி நாள் ஒழுங்கா இருந்திருக்க." பத்து அருள் நிறைந்த மந்திரம்தான் அபராதம். அந்த வாசகம் எல்லா வருஷமும் அதே நாளில் வருகிறது, நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். காதில் விழுந்தது அந்த வருஷம்தான்.

இன்னொன்றும் அப்புறம் தெரிந்துகொண்டேன். நம் மாவட்டத்து ஓரியூரில் புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) தலையை வெட்டியது 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி. அதுவும் ஒரு சாம்பல் புதன்தான். லிஸ்பனில் பெரிய இடத்துப் பிள்ளையாகப் பிறந்தவர் இங்கே வந்து காவி கட்டி, கறி மீன் விட்டு, பண்டாரசாமியாக நடந்து திரிந்தவர். வருஷா வருஷம் ஓரியூர் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். நான் ஒரு பின்வரிசைப் பையனுக்குப் பயந்து துடைத்தேன்.

ஒருசந்தி பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலருக்கும் குழப்பம். திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்ப்பது 14 வயது முடிந்ததிலிருந்து. ஒருசந்திக் கடமை 18-ல் தொடங்கி 59 வரை. அதாவது சரியாக நாம் காலேஜில் கால் வைக்கிற வயசில்தான் ஒருசந்தி நம் தலையில் ஏறுகிறது. கட்டாயமானது வருஷத்துக்கு இரண்டே நாள், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். ஒரு முழுச் சாப்பாடு, அது போக இரண்டு சின்ன வேளை. தவக்கால வெள்ளிகளில் கறி இல்லை. மீன் சாப்பிடலாம்.

இந்த "மீன் சாப்பிடலாம்" என்பதைக் கடற்கரைக்காரர்களிடம் வந்து சொன்னால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கறிக்குப் பதில் மீன் என்றால் எங்கள் வீட்டில் அது தண்டனையே இல்லை, வழக்கமான நாள். அதனால் அம்மாச்சி தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது. தபசு காலம் நாற்பது நாளும் மீன் கிடையாது, சுத்தபோசனம்தான். ஆனால் வீட்டில் மற்றவர்கள் தின்பார்களே. அரிவாள்மனை முன்னால் குந்தி, மாமா கொண்டுவந்த நகரை மீனைச் செதில் எடுத்து, ஆய்ந்து, கழுவி, குழம்பு கொதிக்கும்போது வாசனையை வைத்தே உப்புப் பார்க்கும். நாக்கில் ஒரு சொட்டுப் படாது. அப்புறம் கையைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, தன் தட்டில் பருப்பும் முருங்கைக்கீரையும் போட்டுக்கொள்ளும். எந்தப் புத்தகத்திலும் இதைச் செய்யச் சொல்லவில்லை. கேட்டால், "உனக்குச் சொல்லல, நீ தின்னு" என்பதோடு சரி.

2025-ல் தவக்காலமும் ரமலானும் ஒரே வாரத்தில் தொடங்கின. மார்ச் 2 அவர்களுக்கு முதல் நோன்பு, 5-ஆம் தேதி நமக்குச் சாம்பல் புதன். என் பக்கத்தில் உட்காருகிறவள் பெரியபட்டினம். "உங்க நோன்புல தண்ணி குடிக்கலாமா?" "குடிக்கலாம்." "சாப்பாடு?" "ஒரு முழுச் சாப்பாடு, ரெண்டு சின்னச் சாப்பாடு." "அடியே, அதுக்குப் பேரு நோன்பு இல்லடி, டயட்டு!" ரோஷம் வந்து அந்த வாரம் வெள்ளிக்கிழமை நானும் அவளை மாதிரித் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து பார்த்தேன். மூன்று மணிக்குக் கண் இருட்டிவிட்டது. அவள் தன் பையிலிருந்து, நோன்பாளியின் பையிலிருந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். யாருக்காக வைத்திருந்தாளோ, நான் கேட்கவில்லை.

இன்டர்னலுக்குச் சேர்ந்து படிக்கலாம் என்று அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், வடை, நோன்புக் கஞ்சி. கஞ்சியில் கொத்துக்கறி போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை. வேண்டாம் என்று சொன்னால் மரியாதையா, வாங்கிக் குடித்தால் சரியா என்று கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் உம்மா சிரித்துவிட்டு, "குடி புள்ள, உனக்குக் கறி போடாம தனியா எடுத்து வச்சேன். வெள்ளிக்கிழமை நீங்க கறி திங்க மாட்டீங்கன்னு இவ சொன்னா" என்றார். இவ்வளவு காலம் நான் வகுப்பில் அடக்கி வாசித்ததெல்லாம் எதற்கு என்று இருந்தது.

இணையத்து ஆட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் வருஷத்தில் நானும் அந்தக் காணொளிகளில் விழுந்தேன். லத்தீன் பூசை, லேஸ் முக்காடு, நாக்கில் மட்டும் வாங்கும் நன்மை (நற்கருணை). இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய முறையில், 1962-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகப்படி லத்தீன் பூசை நிறைவேற்றுவதை 2007-ல் பாப்பரசர் 16-ஆம் ஆசீர்வாதப்பர் தாராளமாக்கினார். 2021 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் அதைக் கட்டுப்படுத்தி, ஆயரின் அனுமதியோடுதான் நடக்க வேண்டும் என்றார். அதை வைத்து அங்கே நடக்கும் சண்டை சாதாரணச் சண்டை இல்லை. அந்தப் பூசையின் அழகை நான் மறுக்கவில்லை, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் நாலு மாதம் பார்த்ததில் எனக்கு வந்தது பக்தி இல்லை, மண்டைக்கனம். கோயிலில் முழங்கால் போட்டுக்கொண்டே யார் சரியாகக் குனியவில்லை என்று கணக்கெடுக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அம்மாச்சியிடம், "உங்க காலத்துல லத்தீன்ல பூசை எவ்வளவு அழகா இருந்திருக்கும்" என்றேன். 75 வயசு. சின்னப் பிள்ளையில் அதைக் கண்டு வளர்ந்தது. "சாமி அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டு என்னமோ சொல்வாரு. நாங்க இங்கிட்டு செபமாலை சொல்லிக்கிட்டு இருப்போம். மணி அடிச்சா நிமிந்து பாத்துக் கும்பிடுவோம். தமிழ்ல வந்தப்பதான் அவரு இம்புட்டுப் பேசியிருக்காருன்னே தெரிஞ்சுச்சு." குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. அதே கிழவிதான் செபமாலையில் 2002-ல் சேர்த்த ஒளியின் தேவரகசியத்தை இன்று வரை சொல்லாது. வியாழக்கிழமையும் அதற்குச் சந்தோஷ தேவரகசியம்தான். முக்காடும் அப்படித்தான். அங்கே லேஸ் வாங்கிப் போடுகிறார்கள், இங்கே முந்தானையை இழுத்துவிட்டால் முடிந்தது. அந்தப் பேச்சுக்கப்புறம் காணொளிகளை நிறுத்திவிட்டேன். முக்காட்டை நிறுத்தவில்லை.

இனி அன்றாட விஷயம். ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு என்று சொல்வார்கள், எங்கள் காலேஜிலும் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டாலே ஞாயிறு கடன் தீர்ந்துவிடும், சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இது தெரியாமல் நான் இரண்டு மாதம் குற்ற உணர்ச்சியில் செத்தேன். பாவசங்கீர்த்தனத்துக்கு உங்கள் ஊர்ச் சாமியிடம் போகக் கூச்சமாக இருந்தால் டவுனில் போங்கள், அங்கே உங்கள் அப்பா பெயர் யாருக்கும் தெரியாது. இதைத் தப்பித்தல் என்று ஊரில் ஒரு உபதேசியார் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

செபமாலைக்கு எனக்கு வாய்த்த இடம் பஸ். பாம்பன் பாலம் ஏறும்போது விசுவாசப் பிரமாணம். மண்டபத்தில் பெரும்பாலும் இரண்டாம் பத்து. வேதாளை தாண்டும்போது மூன்றாவது. அந்த வேதாளையில்தான் 1549-ல் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியச் சாமி ஈட்டிக்கு இரையானார், சேசுசபையின் முதல் வேதசாட்சி. பஸ் அங்கே நிற்கிற ஒரு நிமிஷத்தில் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். உட்கார இடம் கிடைத்த நாள் குறைவு, அதனால் ஒரு கையில் கம்பி, மறு கையில் கட்டைவிரலால் விரல் கணுக்களை எண்ணிக்கொள்வேன். கணக்குத் தப்பும். பதினொன்று சொன்னால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டார். உச்சிப்புளிக்குள் முடிந்துவிடும்.

முழங்கால் கூச்சத்துக்கு வருகிறேன். நான் முதல் மாதம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு செபம் சொன்னேன். இரண்டாம் பத்திலேயே தூங்கிவிடுவேன். ஒரு ராத்திரி மேல்கட்டில் பரமக்குடிப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஏய், முணுமுணுன்னு என்னடி சொல்ற, பேய்னு நெனச்சு ஒரு வாரமா தூங்கல. எந்திரிச்சு உக்காந்து சத்தமாவே சொல்லித் தொலை" என்றாள். மறுநாளிலிருந்து கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டுச் சொன்னேன். பரீட்சை வந்தால் அவளே, "காஸ்ட் அக்கவுண்டிங்க்கு எனக்கும் சேத்து ஒண்ணு சொல்லு" என்பாள். அவள் பாஸ், நான் அரியர்.

விடுதிக்குப் போகும்போது கண்ணாடி மணிச் செபமாலை மட்டும் கொண்டுபோகாதீர்கள், கயிறு முடிச்சோ பிளாஸ்டிக்கோ போதும். என்னுடையது ஒரு நாள் பதினொரு மணிக்கு அறுந்து சிமெண்டுத் தரையில் கொட்டியது. ஐம்பத்தொன்பது மணியும் உருண்டு முடியும் வரை ஒரு மாடியே விழித்திருந்தது, வார்டன் உள்பட.