காலி செய்தவர்கள் திருப்பித் தராத கேட் கார்டு: சிஸ்டத்தையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் 24 வீடுகள் கொண்ட அபார்ட்மென்ட் எங்களுடையது. மெயின் கதவுக்கு கார்டு ரீடரும் மேக்னட் லாக்கும் போட்டு மூன்று வருடம் ஆகிறது. வீட்டைக் காலி செய்த பலர் கார்டைத் திருப்பித் தரவில்லை. எத்தனை வெளியே இருக்கிறது என்ற கணக்கும் இல்லை. போட்டுக்கொடுத்தவர், "சிஸ்டத்தையே மாத்தணும் சார்" என்கிறார். வேறு வழி இல்லையா? – அசோசியேஷன் செயலாளர்

பதில்: இருக்கிறது. கதவில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம்.

உங்கள் கார்டில் இருப்பது ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண் ரீடரின் பட்டியலில் இருந்தால், லாக்குக்குப் போகும் கரண்ட் சில விநாடி நிற்கும், கதவு விடும். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் கார்டு யார் பர்ஸில் இருந்தாலும் வெறும் பிளாஸ்டிக்.

எந்த எண் யாருடையது என்ற பதிவு உங்களிடம் இல்லாததால், ஒவ்வொன்றாக அழிக்க முடியாது. பயனர் பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டு, இப்போது குடியிருப்பவர்களை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். வீட்டுக்கு நான்கு என்றால் 96 கார்டு. ஒரு ஞாயிறு காலை போதும். ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் ஒட்டிவிடுங்கள். கதவைத் திறந்து, செங்கல் முட்டுக்கொடுத்த பிறகு ஆரம்பியுங்கள். பயனர்களை அழிப்பது வேறு, ஃபேக்டரி ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் மாஸ்டர் கோடு (கார்டு சேர்க்கவும் அழிக்கவும் ரீடரில் அழுத்தும் ரகசிய எண்), கதவு திறந்திருக்கும் நேரம் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும்.

ஏற்றும்போதே ஒரு நோட்டில் வீட்டு எண், பெயர், ரீடர் கொடுக்கும் வரிசை எண், கார்டு எண் நான்கையும் எழுதுங்கள். வரிசை எண் தெரிந்தால், கார்டு கையில் இல்லாமலே அழித்துவிடலாம். கார்டின் மேல் '0007654321 116,52145' என்பதுபோல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றுதான்: 116-ஐ 65536-ஆல் பெருக்கி 52145-ஐக் கூட்டினால் 7654321. சில ரீடர் முதல் எண்ணைக் காட்டும், சில இரண்டாவதை. இது புரியாமல்தான் "இந்தக் கார்டு லிஸ்ட்டிலேயே இல்லை" என்று குழம்புகிறார்கள். கார்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அந்த எண்ணை வைத்தே இன்னொரு கார்டு எழுதலாம்.

இனி உங்கள் இன்ஸ்டாலர். முதலில் மாஸ்டர் கோடை எழுத்தில் வாங்குங்கள். "கோடு கம்பெனி ரகசியம்", "வெளியாள் தொட்டால் வாரன்ட்டி போய்விடும்" என்பார்கள். கோடைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கார்டு சேர்க்க இவ்வளவு, அழிக்க அவ்வளவு என்று வருடக்கணக்கில் வசூலிப்பதே இந்தத் தொழிலில் பலருக்குப் பிழைப்பு. கருவி வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து, கோடும் அப்படித்தான். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், செயலாளர் மாறும்போதும் மாற்றுங்கள். லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் ஃபைல் போட்டு வைக்கும் அசோசியேஷன்கள், கதவின் கோடை மட்டும் வாட்ச்மேன் நினைவில் விட்டுவைப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். திருப்பித் தராத கார்டைவிடத் திருப்பித் தந்த கார்டுதான் ஆபத்து. 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு (எண்ணை எந்தப் பூட்டும் இல்லாமல் சொல்லிவிடும் சாதாரண ரகம்) என்றால், கையடக்கக் கருவி ஒன்றை வைத்துச் சில விநாடியில் நகல் எடுக்கலாம். காலி செய்பவர் நகலை வைத்துக்கொண்டு அசலைத் தருகிறார் என்று வையுங்கள். வீட்டுக்காரர் அதே கார்டைப் புது வாடகைக்காரருக்குக் கொடுக்கிறார், நீங்களும் ஏற்றிவிடுகிறீர்கள். நகலும் அசலும் ரீடருக்கு ஒன்றே; பழையவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பட்டியல் முழுவதையும் அழித்தும் பயனில்லை, ஏனென்றால் அந்த எண்ணை நீங்களே திரும்பச் சேர்த்திருக்கிறீர்கள். ஆகவே கைமாறிய கார்டை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்தால் அசலோடு நகலும் சாகும்.

நகல் பயமே வேண்டாம் என்றால் ரீடரையும் கார்டுகளையும் டெஸ்ஃபயர் வகைக்கு, அதாவது ரகசியச் சாவி வைத்துச் சரிபார்க்கும் கார்டு வகைக்கு, மாற்றலாம். ரீடர் அந்தச் சாவியைப் பார்க்காமல் கார்டின் சீரியல் எண்ணை மட்டும் படிக்கும் ரகமாக இருந்தால் செலவு வீண். இதைக் கேட்டே வாங்குங்கள். லாக்கும் வயரிங்கும் அப்படியே இருக்கட்டும். கொட்டேஷனில் அவற்றுக்கும் விலை போட்டிருந்தால், அந்த வரிகளை அடித்துத் திருப்பிக் கொடுங்கள்.