வெள்ளணு விழுங்கிய பிறகும் காசநோய்க் கிருமி சாகாமல் இருப்பது எப்படி?

கிருமியை விழுங்குவதற்கென்றே இருக்கும் வெள்ளணுவுக்குள் காசநோய்க் கிருமி எப்படிக் குடியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். வெள்ளணுவைப் போர்வீரன் என்று எழுதி எழுதியே நம் பாடப்புத்தகங்கள் இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டன.

விழுங்குவது வேறு, செரிப்பது வேறு. நுரையீரலில் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற பெரிய வெள்ளணு, கிருமியை ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கிறது. அந்தப் பைக்குள் அமிலம் ஏற வேண்டும். செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம்கள் அதனோடு வந்து கலக்க வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும்.

காசநோய்க் கிருமி கைவைப்பது இந்த இடத்தில்தான். 1971இல் லண்டனில் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிருள்ள கிருமி இருந்த பைகளோடு லைசோசோம்கள் பெரும்பாலும் கலக்கவில்லை. சிதைந்த கிருமி இருந்தவற்றோடு கலந்தன. கிருமி வெறுமனே தாக்குப்பிடிக்கவில்லை, உயிரோடு இருந்து வேலை பார்க்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அது சுரக்கும் சேப்-எம் என்ற நொதி, பை முதிர்வதற்குத் தேவையான ஒரு கொழுப்பு மூலக்கூறைச் சிதைக்கிறது. பிடிபி-ஏ என்ற இன்னொன்று, அமிலத்தை உள்ளே தள்ளும் பம்ப் பையில் வந்து சேராமல் தடுக்கிறது. அமிலம் ஏற ஏறக் குறையும் அளவு பிஎச். 5க்கும் கீழே இறங்க வேண்டிய அது 6.2 அளவிலேயே நின்றுவிடுகிறது.

கிருமியின் மேலுறையும் சாதாரணமானதல்ல. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கார்பால் ஃபுக்சின் சாயத்தை ஆவி பறக்கச் சூடாக்கி ஏற்றிய பின் அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவினால், மற்றவை எல்லாம் வெளுத்துவிடும். பிறகு நீலச் சாயம் ஏற்றினால், அந்த நீலப் பின்னணியில் காசநோய்க் கிருமி மட்டும் மெல்லிய சிவப்புக் குச்சியாக நிற்கும். மைக்கோலிக் அமிலம் என்ற கொழுப்பு செறிந்த மெழுகுச் சுவரின் வேலை அது.

எல்லாக் கிருமிக்கும் இதே வழி என்று எண்ணிவிடாதீர்கள். லிஸ்டீரியா பையையே துளைத்து வெளியேறிவிடும். காக்ஸியெல்லாவுக்கோ அந்த அமிலம்தான் பிடிக்கும்.

உள்ளே தங்கிய காசநோய்க் கிருமி, நம் செல்லின் கொலஸ்டிராலையே தின்று வாழ்கிறது. இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது, குடலில் வாழும் ஈ.கோலைக் கிருமிக்கு வசதியான சூழலில் 20 நிமிடம் போதும். பெருகும் கிருமியைத்தான் பல மருந்துகள் எளிதில் கொல்லும், மந்தமாகக் கிடப்பதை அல்ல. வழக்கமான காசநோய்க்கு 6 மாத மாத்திரை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மேக்ரோபேஜ் எப்போதும் தோற்பதும் இல்லை. டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் கிடைத்தால், தடைபட்ட பையையும் அதனால் அமிலமாக்க முடியும். எச்ஐவி அந்த டி செல்களைக் குறைப்பதால் காசநோய் தலைதூக்குகிறது. மூட்டுவாதத்துக்காக டிஎன்எஃப் என்ற புரதத்தை முடக்கும் ஊசி மருந்து தொடங்கும் முன், மருத்துவர் காசநோய்ப் பரிசோதனை கேட்பதும் இதை ஒத்த காரணத்தால்தான்: கிருமியை அடக்கிவைக்க அந்தப் புரதமும் வேண்டும்.