டியூபா வாசித்தே வாழ்ந்தவர்: பில் பார்பர்

கேள்வி: டியூபா மாதிரி, தாழ்ந்த ஒலி தரும் ஒரு பெரிய பித்தளை ஊது வாத்தியத்தை நம்பி ஜாஸ், கிளாசிக்கல் இரண்டிலும் வாழ்க்கை நடத்தியவர்கள் உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் பில் பார்பர். அவர் வாசிப்பை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கலாம், பெயர்தான் தெரிந்திருக்காது. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘பர்த் ஆஃப் தி கூல்’ ஆல்பத்தில் வரும் டியூபா அவருடையது. நான் அந்த ஆல்பத்தைப் பல வருடம் போன் ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன், அதில் டியூபா இருப்பதே எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவ்வளவு தாழ்ந்த ஒலி அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. நல்ல ஹெட்போன் வாங்கிய அன்று ‘பாப்லிசிட்டி’யைப் போட்டேன். ட்ரம்பெட் மெட்டை எடுக்கிறது, மற்ற ஊது வாத்தியங்கள் அதை ஒட்டியே நகர்கின்றன, எல்லாவற்றுக்கும் அடியில் ஒருவர் அதே நடையில், அதே வளைவு நெளிவோடு, கனமே தெரியாமல் கூட வருகிறார். அன்று முழுக்க அந்த ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், 1920களின் ஜாஸில் டியூபாவுக்கு ஒரே வேலைதான்: தாளத்தோடு சேர்ந்து தும், தும் என்று அடியைப் பிடித்துக் கொடுப்பது. மைக் வராத காலத்தில் புனலுக்கு முன்னால் நின்று ஒலிப்பதிவு செய்தார்கள், அதில் டபுள் பாஸைவிட டியூபா நன்றாகப் பதிந்தது. மைக் வந்தபின் டபுள் பாஸ் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது, டியூபா ஜாஸிலிருந்து கிட்டத்தட்ட வெளியேறிவிட்டது.

பார்பர் பிறந்தது 1920இல், நியூயார்க் மாநிலத்தின் ஹார்னெல் என்ற சிற்றூரில். ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெனரல் பேட்டனின் ஏழாம் படையின் பேண்டில் வாசித்தார், கேன்சஸ் சிட்டி பில்ஹார்மானிக் என்ற சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவிலும் வாசித்தார். சிம்பொனியில் டியூபாக்காரர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பக்கம் பக்கமாக ஓய்வை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்து, முறை வரும்போது முதல் சுரத்தையே சுத்தமாக எடுக்க வேண்டும். குழாயை நீட்டிப் பார்த்தால் 16, 18 அடி வரும் வாத்தியம், தாழ்ந்த சுரங்களில் மூச்சு மளமளவென்று காலியாகும்.

அப்புறம் 1947இல் கிளாட் தார்ன்ஹில்லின் பிக் பேண்டுக்கு, அதாவது பெரிய ஜாஸ் குழுவுக்கு, வந்தார். பிரெஞ்சு ஹார்ன், டியூபா எல்லாம் வைத்துக்கொண்டு மென்மையாக வாசித்த குழு அது. இசைக்கோப்பாளர் கில் எவன்ஸ், சாக்ஸபோன் கலைஞர்கள் ஜெரி மல்லிகன், லீ கோனிட்ஸ் எல்லோரும் அங்கேதான் பழக்கமானார்கள். இவர்களும் மைல்ஸ் டேவிஸும் நியூயார்க் 55ஆம் தெருவில் எவன்ஸ் குடியிருந்த நிலவறை அறையில் கூடிப் பேசிப் பேசித்தான் ‘பர்த் ஆஃப் தி கூல்’ இசையை வாசித்த ஒன்பது பேர் குழு உருவானது. டியூபாவுக்கு யாரைப் போடுவது என்று அவர்கள் குழம்பியிருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பார்பர் லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸபோன் சோலோக்களைக் கேட்டு எழுதிவைத்து டியூபாவில் வாசிப்பாராம்! மல்லிகனே இதைச் சொல்லியிருக்கிறார். சாக்ஸபோனில் விரல் ஓடுகிற வேகத்தை அந்தப் பித்தளை மலையில் கொண்டுவருவது என்றால் சும்மாவா.

1949 ஜனவரி, ஏப்ரல், 1950 மார்ச் என மூன்று முறை ஸ்டுடியோவில் கூடினார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்கள் மாறினார்கள். மூன்றிலும் இருந்தது டேவிஸ், மல்லிகன், கோனிட்ஸ், பார்பர் நால்வர் மட்டுமே. டபுள் பாஸ் தனியாக இருந்ததால் டியூபா அடியைச் சுமக்க வேண்டியதில்லை, மற்ற ஐந்து ஊது வாத்தியங்களோடு ஆறாவதாகப் பாடியது.

ஆனால் அந்தக் குழுவால் யாருக்கும் பிழைப்பு ஓடவில்லை. பார்பர் ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகத்தின் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார், பாலேவுக்கு வாசித்தார். 1957இலிருந்து எவன்ஸும் டேவிஸும் பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்துச் செய்த ஆல்பங்களுக்கு மறுபடி அவரைத்தான் கூப்பிட்டார்கள், 1961இல் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் ‘ஆப்பிரிக்கா/பிராஸ்’ ஆல்பத்திலும் இருக்கிறார். மான்ஹாட்டன் இசைப் பள்ளியில் முதுகலை முடித்து, லாங் ஐலண்டின் கோபியாக் ஊரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். கோல்ட்ரேனோடு வாசித்தவர் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்ததைச் சிலர் பரிதாபமாகச் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். 2007இல் காலமானார்.

அதற்கு முன்பு 1992இல் மல்லிகன் அந்த ஒன்பது பேர் இசையை மறுபடி பதிவு செய்தார். டேவிஸ் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார், ட்ரம்பெட்டுக்கு வாலஸ் ரோனி வந்தார். டியூபாவுக்கு வேறு ஆள் தேடவில்லை, எழுபதைத் தாண்டிய பார்பரே வந்து வாசித்தார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், கண்டிப்பாக ஹெட்போனில்.