வாழ்க்கையில் அடிபட்டு, விடாமல் முயன்று வளரும் பிள்ளையின் கதையாகப் பதின்ம வயதினருக்கு எந்த நாவலைக் கொடுக்கலாம்?

என் பதில் 'மடோல் தூவ'. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய சிங்கள நாவல், தமிழிலும் வந்திருக்கிறது. 1890களில், இலங்கையின் தென்கரையோரக் கிராமம் ஒன்று. தாயை இழந்த உபாலிக்கும் சிறியதாய்க்கும் ஒத்துவரவில்லை. வீட்டில் வேலைக்கு நின்ற ஜின்னாவையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போய், கடைசியில் ஆளில்லாத ஒரு தீவில் பற்றை வெட்டித் தோட்டம் செய்கிறான்.

எனக்குப் பிடித்தது, ஆசிரியர் உபாலியை முதலில் நல்ல பிள்ளையாக்கிவிட்டுப் பிறகு உழைக்க வைக்கவில்லை என்பதுதான். அவன் சரியான குழப்படிக்காரன், எவ்வளவு அடித்தாலும் சொல்வழி கேளாதவன். அதே பிடிவாதம்தான் தீவில் மண்வெட்டி பிடிக்கும்போது கைகொடுக்கிறது. பரிசளிப்பு விழாக்களில் 'முயன்றால் முடியும்' என்று அரை மணித்தியாலம் பேசுபவர்கள் இந்த இடத்தை ஒருக்கால் வாசிக்க வேண்டும்.

அப்புறம் ஜின்னா. அவன் பக்கத்தில் இல்லையென்றால் உபாலி ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டான். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து நாங்கள் 2010இல் வன்னியிலுள்ள எங்கள் ஊரான விசுவமடுவுக்குத் திரும்பியபோது வளவு முழுக்க ஆளுயரப் பற்றை. கிணற்றுக்குள் உடைந்த ஓடும், துருப்பிடித்த சைக்கிள் பிரேமும், என்னவென்றே தெரியாத சேறும். அப்பாவும் பக்கத்து வளவு மாமாவும் ஒருநாள் எங்கள் கிணற்றை இறைத்தார்கள், மறுநாள் அவருடையதை. தனியாளாக இறங்கியிருந்தால் அப்பா பாதியில் விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. உபாலி தானாக விரும்பி வீட்டை விட்டுப் போனவன். தகப்பனுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டதும் திரும்பிப் போக அவனுக்கு ஒரு வீடு இருந்தது. வன்னிப் பிள்ளைகள் போரில் தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடியது அந்தக் கணக்கில் வராது. 'பார், உபாலி எப்படி நிமிர்ந்தான்' என்று அவர்களிடம் சொல்லிக்காட்டப் போக வேண்டாம், புத்தகத்தை மட்டும் கொடுங்கள்.

அக்காவின் மகன் வாசித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதெல்லாத்தையும் என்ன விலைக்கு வித்தவங்கள்?" கமக்காரன் பேரன், வேறென்ன கேட்பான்! அப்பா சிரித்துவிட்டுத் தன் கதையைத் தொடங்கினார். விசுவமடு இளைஞர் குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டிக் காணி பண்படுத்தியவர் அவர். எழுபதுகளின் முதல் பாதியில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கட்டுப்பாடு இருந்ததால் செத்தல் மிளகாய் நல்ல விலை போனது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்துவிட்டது. உழைப்பில் ஒரு குறையும் இல்லை, வியர்வை அதே வியர்வைதான். அந்த இடத்தில் எப்படி நின்றுபிடிப்பது என்பதை இந்த நாவலில் தேடாதீர்கள்.

பெண் பிள்ளைக்கென்றால் வேறு புத்தகம் ஒன்றும் சேர்த்துப் பாருங்கள். இதில் முழுக்கப் பொடியன்களின் உலகம்தான்.