லடாக் கணவாய்கள்: எந்த மாதம், எந்த வழி?

கேள்வி: மே 5ஆம் தேதி மணாலியிலிருந்து காரில் லே புறப்படுகிறோம். பாதை திறந்திருக்குமா?

பதில்: அந்தத் தேதிக்கு எவராலும் உறுதி தர முடியாது. 2020இல் அடல் சுரங்கம் திறந்ததோடு ரோதாங் கணவாயின் தொல்லை தீர்ந்தது. ஆனால் 4,900 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லா (‘லா’ என்றால் கணவாய்) சுரங்கத்துக்கு அப்பால் இருக்கிறது. எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை அகற்றினால்தான் வழி. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். இரண்டு நாள் உபரியாக வையுங்கள்.

கேள்வி: ஜூலை, ஆகஸ்டில் மழை தடுக்குமா?

பதில்: லடாக்கில் மழை குறைவு, மணாலிப் பக்கம்தான் மண்சரிவு. மேலே வெயில் ஏற ஏறப் பனி உருகி, ஓடைகள் சாலையில் பெருகும். நண்பகலுக்கு முன் கடந்துவிடுங்கள்.

கேள்வி: மணாலியிலிருந்து கிளம்பி முதல் இரவு சர்ச்சுவில் கூடாரம், மறுநாள் லே. முன்பணம் கட்டிவிட்டோம். அம்மாவுக்கு 62 வயது. சரிதானே?

பதில்: சரியில்லை. வயதை எழுதியவர், உறங்கப்போகும் இடத்தின் உயரத்தைப் பார்க்கவில்லையே! மணாலி 2,000 மீட்டர், சர்ச்சு 4,300. ஒரே பகலில் இவ்வளவு ஏறி அங்கேயே படுத்தால் இருபது வயதுக்காரரும் உயர நோயில் சாய்வார். கணவாயின் உச்சியைச் சிறிது நேரத்தில் கடந்து இறங்கிவிடலாம். தூங்கும் உயரம்தான் ஆளை வீழ்த்துகிறது. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? சர்ச்சு இரு கணவாய்களுக்கு நடுவே கிடக்கிறது. நள்ளிரவில் மூச்சுத் திணறினால் உடனே கீழே இறங்க வேண்டும். அங்கிருந்தோ எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறியாக வேண்டும். கூடாரத்துக்குப் பணம் வாங்குகிறவர்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம். முன்பணம் போனால் போகட்டும். ஸ்ரீநகர் வழியே ஜோஜி லாவைக் கடந்து, கார்கிலில் (2,700) ஓர் இரவு, பிறகு லே (3,500). அங்கே இரண்டு நாள் ஓய்வு. மணாலி வழியைத் திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆக்சிஜன் டப்பா போதுமா?

பதில்: போதாது. சில நிமிட ஆறுதல் கிடைக்கும். ஓயாத தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்றால் கீழே இறங்குவதே மருந்து.

கேள்வி: டங்லங் லாவில் வண்டி இழுக்கவில்லை. பழுதா?

பதில்: இல்லை. 5,300 மீட்டரில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதிதான். கீழ் கியரில் பொறுமையாக ஏறுங்கள்.

கேள்வி: பெட்ரோல் எங்கே நிரப்புவது?

பதில்: மணாலி வழியில், சுரங்கத்துக்கு அப்பால் வரும் டாண்டியில், டேங்க் நிறைய. அடுத்த 300 கிலோமீட்டருக்கு எதையும் நம்பாதீர்கள்.

கேள்வி: அக்டோபர் கடைசியில் போகலாமா?

பதில்: திடீர்ப் பனியில் சிக்கினால் எங்கே தங்குவீர்கள்? அதற்குள் வழிக் கூடாரங்கள் பெரும்பாலும் பிரிக்கப்பட்டிருக்கும். வேண்டாம்.