412 எடுத்தும் தகுதி இல்லையா? நீட் சந்தேகங்களுக்குப் பதில்கள்

கே: என் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 412. பொதுப் பிரிவு. 68 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் எம்.பி.பி.எஸ். தகுதிக்குப் பிரச்சினை இல்லையே?

ப: இருக்கிறதே அம்மா. நீங்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலில் 412-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறீர்கள். தகுதிக்கு அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. தமிழ் 92, ஆங்கிலம் 88, கணிதம் 84 ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். இயற்பியல் 47, வேதியியல் 51, உயிரியல் 50. கூட்டினால் 148. பொதுப் பிரிவுக்கு இந்த மூன்றிலும் சேர்த்து 300-க்கு 150 வேண்டும். 49.33-ஐ 50 ஆக்கிக்கொள்ள முடியாது. ஆங்கிலத்தில் தேர்ச்சி போதும். கணிதம் கணக்கிலேயே வராது.

இரண்டே மதிப்பெண்தான் என்பதால் உடனே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்பது பள்ளியிலேயே முடிந்த கதை; எழுத்துத் தேர்வின் 70-இல்தான் தேட வேண்டும். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவெடுங்கள். இதற்குத் தரும் அவகாசம் சில நாள்கள்தான். நீட் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கதவு மூடிவிடும்.

கே: நான் பி.சி. மூன்று பாடங்களில் 131. தேறுமா?

ப: தேறும். உங்களுக்கு 120 போதும், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் அதே 40 சதவீதம்தான். ஆனால் ஒரு சிக்கல். மாநில ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் போதும், கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்கள் என்று விலக்கப்படும் பிரிவு) பேச்சே கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டில் கிரீமி லேயரில் வராதவர் என்று சொல்லும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் அங்கே நீங்கள் பொதுப் பிரிவு. 131 போதாது.

கே: நீட்டில் 50 என்கிறார்களே, 720-க்கு 360 எடுக்க வேண்டுமா?

ப: வாரம் நாலு பேராவது கேட்கிறார்கள். பள்ளியில் 50 என்பது சதவீதம். நீட்டில் 50 என்பது பர்சன்டைல். எழுதியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் மதிப்பெண் எதுவோ அதுதான் எல்லை. அதனால் ஆண்டுதோறும் மாறும். பொதுப் பிரிவுக்கு 2023-இல் 137, 2025-இல் 144. ஆனால் அது தரவரிசைப் பட்டியலில் பெயர் வருவதற்கு மட்டும். அந்த மதிப்பெண்ணில் அரசுக் கல்லூரி இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கே: கணிதம், கணினி அறிவியல் படித்தேன். இனி டாக்டராக வழியுண்டா?

ப: உண்டு. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக, அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் எழுதித் தேறினால் ஏற்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்துவிட்டது.

கே: வயது 26. தாமதமாகிவிட்டதா?

ப: உச்ச வயது வரம்பை 2022-இலேயே எடுத்துவிட்டார்கள். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 நிறைந்திருந்தால் போதும்.

கே: பத்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?

ப: கிடைக்காது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.